ஒன்றுக்கும் ஆகாத கண்ணாடி

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டு மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்ததா? எங்கள் பக்கம் அது இல்லாவிட்டால் மதில் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாட்டிலை உடைத்து ஈரச் சிமெண்டில் கூர் மேலே வரும்படி செருகிவிடுவார்கள். திருடன் ஏறக்கூடாது, குரங்கு தாண்டக்கூடாது. அந்தச் சில்லு உடைவதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். பீர் பாட்டிலாக இருந்திருக்கும், டானிக் பாட்டிலாக இருந்திருக்கும், போனால் போகிறது. எங்கள் வீட்டு மதிலில் இருப்பது அப்படிப்பட்டதில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். நிதானமாகச் சொல்லு என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். இத்தனை வருஷம் நிதானமாக இருந்து நான் கண்டது ஒன்றுமில்லை.

போன மாதம் ஜவ்வாது மலையில் இருக்கும் என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அண்ணன் மகன்தான் இப்போது வீட்டை வைத்திருக்கிறான். பின்பக்கம் நாலு அறை இழுத்துக் கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறான். சனி, ஞாயிறில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் ஏறி வருகிறது. நடத்தட்டும், பிழைக்கட்டும். ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறான். ‘தாத்தாவின் வண்ணக் கண்ணாடிச் சுவர்’. கீழே சின்ன எழுத்தில், ‘கலைமனம் கொண்ட எங்கள் தாத்தா ஆசையாக அலங்கரித்தது’. படித்ததும் எனக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. கலைமனமாம்! யாருக்கு? எங்கள் நைனாவுக்கு!

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் ஒரேயடியாகத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்தக் கண்ணாடியெல்லாம் சின்னம்மாவுடையது. என் அம்மாவின் தங்கை. சந்தவாசல் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். கட்டினவன் வேறொருத்தியோடு எங்கோ போய்விட்டான். அம்மா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே அம்மாவைப் புகழ்ந்தது. அந்தப் பெரிய மனசுக்குக் கைம்மாறாகச் சின்னம்மா இருட்டோடு எழுந்து மாட்டைக் கறந்தாள், சாமைக் கொல்லையில் களை எடுத்தாள், புளிக் காலத்தில் விரலெல்லாம் கறுத்துப்போகக் கொட்டை எடுத்தாள். அதை ஒருத்தரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அவளுக்கென்று கொடுத்திருந்தது பின்கட்டில் ஓர் அறை. அதற்கு முன்னால் அதில் விதைத் தானியம் கொட்டி வைத்திருந்தார்கள். கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்து, அதன்மேல்தான் சின்னம்மா தன் கண்ணாடிகளை வைத்திருந்தாள்.

எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். வீட்டு வேலை முடிந்த பிறகு காட்டுக்குள் போய்க் கடுக்காயும் பூந்திக்கொட்டையும் பொறுக்குவாள். அது அவள் சொந்தச் சம்பாத்தியம். ஒரு மூட்டை சேர்ந்ததும் அமிர்தி வரைக்கும் நடந்து இறங்கி, பஸ் மாறிக் கண்ணமங்கலம் போவாள். அங்கே ஒரு காயலான்கடை. பழைய இரும்பு, ஓட்டைப் பித்தளை வாங்கி விற்கிற கிழவர். பல் ஒன்றுகூடக் கிடையாது. ஆரணிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் பழைய பெரிய வீடுகளைப் பிரித்த காலம் அது. இரும்பும் பித்தளையும் வாங்கும்போது கூடவே கண்ணாடிச் சாமானும் அவர் தலையில் கட்டப்படும். விளக்குக் கூண்டு, அத்தர் சீசா, பூச்சாடி, சரவிளக்கின் தொங்கட்டான். எடைக்குப் போடவும் ஆகாது, உருக்கவும் ஆகாது. மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

சின்னம்மா அந்த மூலையில் போய்க் குந்திக்கொள்வாள். என்னையும் சில தடவை கூட்டிப்போயிருக்கிறாள். எடுத்தவுடன் எதையும் வாங்கிவிட மாட்டாள். முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதோரம் வைத்துக்கொள்வாள். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். நல்லதாக இருந்தால் கணீரென்று கேட்டு, கொஞ்ச நேரம் அடங்காது. கிழவர் சிரிப்பார். "உன்னாட்டம் ஒரு ஆளு இந்தக் கடைக்கு வந்ததேயில்லம்மா. எல்லாம் எட பாக்கும், நீ காது வெச்சிப் பாக்கற" என்பார்.

அப்படி ஒன்றொன்றாகச் சேர்த்தவை. வெளியே பால் வெள்ளை, உள்ளே ரோஜா நிறமாக ஒரு பூச்சாடி. அதன் வாய் பாவாடைக் கரை மாதிரி மடிப்பு மடிப்பாக விரிந்திருக்கும். கிளிப் பச்சையில் ஒரு விளக்குக் கூண்டு. கழுத்து நீண்ட நீலச் சீசா ஒன்று, மூடியைத் திறந்தால் எந்தக் காலத்து அத்தரோ, லேசாக மூக்கில் ஏறும். தேன் நிறத்தில் ஒரு கிண்ணம், அதன்மேல் கொடியும் இலையும் செதுக்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் எனக்குப் பிடித்தது பூக்குண்டு. கைக்குள் அடங்கும் கனமான கண்ணாடி உருண்டை. உள்ளே பொடிப் பொடியாக நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். எனக்கு ஜுரம் வந்தால் சின்னம்மா அதை என் நெற்றியில் உருட்டுவாள். அந்தக் குளிர்ச்சி இப்போது நினைத்தாலும் எனக்கு நெற்றியில் தெரிகிறது.

காலையில் வெயில் அந்தப் பலகைமேல் விழும்போது அறைக்குள் போய் நிற்பேன். தரையிலும் புளி மூட்டைமேலும் சின்னம்மாவின் பழைய டிரங்குப் பெட்டிமேலும் நிறம் நிறமாக விழுந்திருக்கும். கையை நீட்டினால் கை பச்சையாகும், கொஞ்சம் நகர்த்தினால் நீலமாகும். சின்னம்மா பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழுவி, கிழிந்த வாயில் சேலைத் துண்டால் துடைப்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவளுக்கு மெல்லப் பாட்டு வரும். அதற்குச் சத்தியமாக ராகம் கிடையாது.

அம்மாவுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. "எதுக்குடி இதெல்லாம்? தண்ணி குடிக்க ஆவுமா, எண்ண ஊத்த ஆவுமா?"

"பாக்கறதுக்குக்கா."

"பாக்கறதுக்குத்தான் இம்மாம் பெரிய மல கீதே. அத்தப் பாரு."

"மல எல்லாருக்கும் கீது. இது எனக்குக் கீது."

அம்மா அதோடு விடவில்லை. "புருசன் இல்லாத வூட்ல பொம்ம வெச்சி வெளாடறா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கூடப் பிறந்தவள் சொல்கிற பேச்சா அது!

அந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்தது. களத்தில் காயவைத்த புளியைக் குரங்கு பாதி, களவு பாதி என்று கொண்டுபோனது. நைனா களத்தைச் சுற்றி மதில் எழுப்புவது என்று முடிவு செய்தார். எங்கள் ஊரில் அதுதான் முதல் சிமெண்டு மதில். மரம் ஏற்றும் கூப்பு லாரியில் கீழேயிருந்து சிமெண்டு மூட்டை வந்தது, கண்ணமங்கலத்துக் கொத்தனாரும் வந்தார். கல் அடுக்கி, கேட்டுக்குத் தூண் நிறுத்தி, கடைசி நாள் மேல்பூச்சுக்குக் கலவை குழைத்தாகிவிட்டது. அப்புறம்தான் கொத்தனார் கேட்டார்.

"இன்னாண்ணா, சில்லு எங்க? பாட்டில் கீட்டில் கீறதெல்லாம் எட்த்துக்கினு வாங்க. கலவ காஞ்சிடும். சாய்ங்காலம் லாரி கெளம்பிடும், நானும் அதுல போய்டுவேன்."

நைனா அதை யோசித்தே இருக்கவில்லை. பாட்டில் வேண்டும் என்று அம்மா வீடு வீடாக ஓடினாள். இங்கேதான் நீங்கள் எங்கள் மலையைப் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு எங்களுக்குப் பாட்டில் என்பது பெரிய சொத்து. தேன் எடுத்தால் ஊற்றிவைக்கப் பாட்டில். ரேஷன் மண்ணெண்ணெய்க்குப் பாட்டில். தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனால் ரோஸ் நிற மருந்தை வாங்கிவர நாமேதான் பாட்டில் கொண்டுபோக வேண்டும், உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் உடைப்பதற்குப் பாட்டில் கேட்டால் யார் கொடுப்பார்கள்? "தேன எதுல ஊத்தறது, ஒன் தலையிலயா?" என்று பக்கத்து வீட்டுக்காரி அம்மாவைத் துரத்திவிட்டாள். எங்கள் வீட்டிலேயே நைனா குடித்து முடித்த பிராந்தி பாட்டில்கள் அடுப்படியில் வரிசையாக இருந்தன. விளக்கெண்ணெய் ஒன்றில், மண்ணெண்ணெய் ஒன்றில். அதைத் தொட அம்மாவுக்கு மனசு வரவில்லை.

நைனா கலவையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "ஒன் தங்கச்சி வெச்சிக்கினு கீறாளே, ஒண்ணுத்துக்கும் ஆவாதது. அத்த எட்த்தா."

அம்மா ஒரு நிமிஷம் நின்றாள். அதை ஒப்புக்கொள்கிறேன். "அவ சந்தைக்குப் போய்க் கீறா. வந்ததும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றாள்.

"என் வூட்ல கீற பொருளுக்கு நான் எவளக் கேக்கணும்? கலவ காஞ்சிதுன்னா ஒங்கப்பனா சிமெண்டு வாங்கியாருவான்?"

அவ்வளவுதான். அம்மா போய்த் தன் மடியிலேயே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். நைனா சாக்குக்குள் போட்டுக் கட்டி, கடப்பாரையின் பின்பக்கத்தால் இடித்தார். அத்தனை நாள் கணீர் கணீரென்று கேட்ட கண்ணாடி, சாக்குக்குள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. நான் அந்தச் சாக்கின்மேல் போய் விழுந்தேன். "நைனா வாணாம், சின்னம்மாது அது, சின்னம்மாது" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்து முதுகில் இரண்டு வைத்தாள். "கையக் கிழிச்சிக்கப் போறடி" என்றாள். என் கைமேல் என்ன ஒரு அக்கறை பாருங்கள்.

எல்லாம் உடைந்தது, பூக்குண்டு மட்டும் உடையவில்லை. இரண்டு மூன்று தடவை இடித்தும் கடப்பாரைதான் எகிறியது. கொத்தனார் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "கல்லாட்டம் கீதுண்ணா. தூண் மேல அப்டியே பதிச்சிடறேன்" என்றார். "பதி. திருஷ்டிக்கு ஆச்சி" என்றார் நைனா. பூக்குண்டு கேட்டுத் தூணின் தலையில் பாதி புதைந்து உட்கார்ந்தது. மற்றதெல்லாம் வரிசையாக மதில்மேல் ஏறியது. வேலை நன்றாக அமைந்துவிட்டது என்று நைனா கொத்தனாருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தார்.

பொழுது சாய்கிற நேரம் சின்னம்மா மலையேறி வந்தாள். மடியில் என்னவோ சுற்றி வைத்திருந்தாள். புதிதாக வாங்கியது. தூரத்திலேயே மதில் பளபளத்தது. முதலில் அவளுக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டேதான் வந்தாள். கிட்டே வந்ததும் அந்த மடிப்பு வாய்ச் சாடியின் ஒரு துண்டைப் பார்த்தாள். ரோஜா நிறம். அப்புறம் பச்சை. அப்புறம் நீலம். மதில் ஓரமாகவே நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நைனா கேட்டருகே நின்றிருந்தார்.

சின்னம்மா அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போயிருப்பார்கள். அவள் அழவில்லை. மடியிலிருந்ததை எடுத்தாள். ஊதா நிறத்தில் ஒரு சின்னக் கிண்ணம்.

"தோ, அங்க ஒரு கை எடம் காலியா கீது மாமா. அதுக்கும் நானே கொண்ணாந்துட்டேன்."

சொல்லிவிட்டு ஓங்கி மதில்மேல் அடித்தாள். அப்புறம் தூணில் ஏறிப் பூக்குண்டைப் பிடித்து இழுத்தாள். சிமெண்டு இறுகத் தொடங்கியிருந்தது. லாரிக்குக் கிளம்பிய கொத்தனார் கத்தினார், நைனா அவள் தோளைப் பிடித்துக் கீழே தள்ளினார். சில்லு அவள் உள்ளங்கையைக் கிழித்தது.

"இன்னாத்துக்கு இந்த ஆட்டம் ஆடற? உள்ள மூடி வெச்சிருந்தா ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான். இப்ப ஊரே பாக்குது. சந்தோசப்படு!" என்றார் நைனா.

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. மனசாரச் சொன்னார். அவளுக்கு நல்லதுதான் செய்துவிட்டதாக நம்பினார். என்னால் மன்னிக்க முடியாதது அந்த நம்பிக்கைதான்.

விடிந்ததும் சின்னம்மா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டாள். கண்ணமங்கலத்தில் மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? காயலான்கடைக்காரனோடு ஓடிப்போய்விட்டாளாம்! பல் இல்லாத, பேரன் பேத்தி எடுத்த கிழவரோடு! அது பொய் என்று நைனாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறந்து மறுக்கவில்லை. மதிலைப் பற்றிப் பேசுவதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

என் கல்யாணத்துக்கு வந்தாள். நான்தான் அண்ணனோடு சண்டை போட்டு அழைக்க வைத்தேன். தலையில் மாவு படிந்த மாதிரி நரைத்திருந்தது. பந்தியில் உட்காருவதற்கு முன்னால் நேராக நைனாவிடம் போய்க் கேட்டாள்.

"மாமா, அந்தக் குண்ட மட்டும் தோண்டிக் குடு. வேற ஒண்ணும் வாணாம்."

"தூணு வுழுந்துடும்மே. கேட்டே அதுலதான் தொங்குது" என்றார் நைனா.

அவள் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். அம்மா என்னிடம், "நல்ல நாள்ல வந்து வம்பு பண்ணிட்டுப் போறா பாரு" என்றாள். கல்யாணப் பெண் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பிறகு கண்ணமங்கலத்தில் அவள் அறைக்கு நான் போயிருக்கிறேன். கிழக்கே ஜன்னல் இருந்தது, ஜன்னலில் பலகை இருந்தது. பலகை காலி. "மறுபடி ஒண்ணு வாங்கி வெக்கறது தானே சின்னம்மா?" என்று கேட்டேன். "எட்த்து வெக்கறதுக்கு எனக்குக் கை வர்ல" என்றாள். உள்ளங்கைத் தழும்பை அந்தக் கையின் விரல்களாலேயே மூடிக்கொண்டாள். சாகும்வரை ஒன்றுகூட வாங்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "தூணு நிக்கிதா?" என்று கேட்டாள். நிற்கிறது என்றேன். "நிக்கட்டும்" என்றாள்.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். பலகையைப் படித்துவிட்டு நான் கொதித்துக்கொண்டு நிற்கும்போதே விருந்தாளி அம்மாள் ஒருவர் மதிலோரம் வந்தார். சென்னைக்காரர், பழைய கண்ணாடிக் கலைப்பொருள்களைத் தேடிச் சேர்க்கிறவராம். சில்லுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் கடல் தாண்டி வந்த சாமான். வாயால ஊதிச் செஞ்சது. இந்த மாதிரி மடிப்பு வெச்ச சாடி முழுசா கிடைச்சா நான் கோயில்ல வெக்கிற மாதிரி வெச்சிருப்பேன். சேர்த்தவருக்கு ரொம்ப நல்ல கண்ணு. யாருங்க அது?"

அண்ணன் மகன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "எங்க தாத்தாங்க. அவருக்கு இதுல ரொம்ப இஷ்டங்க."

"அவருக்கு இஷ்டம் பிராந்தி" என்றேன் நான். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். "எப்படிங்க இவ்ளோவும் உடைஞ்சுது?" என்று கேட்டார்.

"ஒடையலம்மா. ஒடச்சாங்க" என்றேன்.

அவர் மதில்மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சத்தமாக, காரிலிருந்து இறங்குகிறவர்களுக்கும் கேட்கும்படி. அண்ணன் மகன் என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

"இன்னா அத்தே, கெஸ்ட்டு முன்னாடி இப்டிப் பேசற? எப்பவோ நடந்தது. கெளறி இன்னா ஆவப் போவுது?"

"போர்டை அழி. அவ பேரை எழுது."

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பாவம், நல்ல பையன்தான். "சரி அத்தே, எழுதிடறேன். அந்த சின்ன பாட்டி பேரு இன்னா?"

அந்த வீட்டில் பத்து வருஷம் சாணி அள்ளியவளின் பெயர் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை! நான் சொன்னேன். உங்களுக்கு இங்கே சொல்ல மாட்டேன், மலைக்கு வந்தால் பலகையில் படித்துக்கொள்ளுங்கள். இப்போது அவள் பெயர்தான் அங்கே இருக்கிறது. உடைத்தது யார் என்பதையும் எழுத வைத்துவிட்டேன்.

"இன்னும் ஒண்ணு. தூணு மேல கீற குண்டை எடுக்கணும்" என்றேன்.

"அது மட்டும் வாணாம் அத்தே. தூணு வுழுந்துடும்."

அதே வார்த்தை. நைனா செத்து எலும்பாகி எத்தனையோ வருஷமாகிறது, வார்த்தை மட்டும் அப்படியே அவன் வாயில் உட்கார்ந்திருக்கிறது. நான் நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். பழைய சாமான் பெட்டியில் உளியும் சுத்தியும் இருந்தன. ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினேன். பட்டப்பகல். யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள், எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஸ்டூலை அந்தச் சென்னை அம்மாள் வந்து பிடித்துக்கொண்டார்.

சுற்றிலும் கொத்தினேன். நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் பூக்குண்டு ஆட ஆரம்பித்தது. கையை விட்டுத் திருகியதும் வந்துவிட்டது. அடியில் சிமெண்டு பொறுக்குத் தட்டியிருந்தது. குழாயடியில் கழுவினேன். நீலம், மஞ்சள், வெள்ளை, ஒரு பூகூட வாடவில்லை. நெற்றியில் வைத்துக்கொண்டேன். வெயிலில் கிடந்து கிடந்து, கழுவிய பிறகும் சுட்டது.

தூண் விழவில்லை. மேலே உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி, அவ்வளவுதான். கேட்டு எப்போதும் போலத் திறக்கிறது, மூடுகிறது. என் கல்யாணத்தன்று அவள் கேட்டபோது எடுத்துக் கொடுத்திருந்தாலும் இதுதான் ஆகியிருக்கும்.